மோட்டாரை மாற்றினீர்கள், ஒயரைப் பார்த்தீர்களா?

‘புது மோட்டார் இறக்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. காயில் கருகிவிட்டது. வேறு கம்பெனி மோட்டார் வாங்கலாமா?’

ஊர்ப்பெயர் மட்டும்தான் மாறும். இந்தக் கேள்வி மாறாது. மோட்டார் நின்றால் மோட்டாரைத்தான் சந்தேகப்படுகிறோம். அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரை யாரும் சந்தேகப்படுவதில்லை. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கிடப்பதால் அது கண்ணிலேயே படுவதில்லை.

இதற்கான பதிலைத் திருவொற்றியூரில் ஒரு பழைய காரின் பெட்ரோல் டேங்கில் தேட வேண்டியிருந்தது. வயலுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அந்தக் காரின் பின் இருக்கைக்கு அடியில் இருந்ததும், நம் போர்வெல்லுக்குள் இருப்பதும் ஒரே ஜாதி மோட்டார்தான்.

லாரியைத் தாண்டும்போது தயங்கிய கார்

அவருக்கு நாற்பது வயது இருக்கும். மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. குடியிருப்பது திருவொற்றியூர். சொந்த ஊர் மீஞ்சூர் பக்கம். அங்கே அப்பா மூன்று ஏக்கரில் நெல்லும், ஓரமாகக் கத்தரி, வெண்டையும் வைத்திருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் மகன் ஊருக்குப் போய், காய் மூட்டைகளைக் காரில் ஏற்றிவந்து கடைகளில் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்.

கார் இருபது வயதை நெருங்கும் டர்போ பெட்ரோல் வண்டி. இரண்டாம் கையாக வாங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, அந்தக் காரும் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. பிறகு தரைவிரிப்பைக் காயவைத்து ஓட்டத் தொடங்கினார்கள். ஒரு வருடம் கழிந்துதான் கோளாறு தலைகாட்டியது.

திருவொற்றியூர் – பொன்னேரி – பஞ்செட்டி சாலையில் போனவர்களுக்குத் தெரியும், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எப்படி அணிவகுத்து நிற்கும் என்று. ஒருநாள் காலை, அப்பா பக்கத்து இருக்கையில் இருக்க, மகன் ஒரு கண்டெய்னர் லாரியைத் தாண்ட ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் பாதி தூரம் ஏறியது. அதற்குமேல், பெட்ரோல் தீர்ந்த வண்டியைப் போலத் திணறியது. எதிரே டிப்பர் லாரி. பிரேக்கை அழுத்தி, லாரிக்குப் பின்னாலேயே மறுபடியும் ஒதுங்கிக்கொண்டதால் பிழைத்தார்கள். வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, ஃபியூயல் பம்ப் போய்விட்டது என்றார். பழையதைவிடப் பெரிய பம்ப் போட்டால் டர்போவுக்கு நல்லது என்று ஆறாயிரத்துச் சொச்சத்தில் புதியதும் பொருத்தினார். நான்கு நாள் கழித்து, அதே சாலையில் அதே திணறல். இந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே திணறியது.

பெட்ரோலுக்குள் ஒரு நீர்மூழ்கி மோட்டார்

இந்தக் காலத்துப் பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்குக்கு உள்ளேயே மூழ்கி இருக்கும். 12 வோல்ட்டில் ஓடும் சிறிய மோட்டார். அடியில் ஒரு வடிகட்டிப் பை. மேலே அழுத்தத்தோடு பெட்ரோலை முன்னால் தள்ளும் குழாய். போர்வெல்லில் தண்ணீர்தான் மோட்டாரைக் குளிர வைக்கிறது. இங்கே அந்த வேலையைப் பெட்ரோல் செய்கிறது. தண்ணீர் இறங்கிப்போய் வெறுமனே ஓடும் நீர்மூழ்கி மோட்டார் எப்படிச் சூடேறிக் கெடுமோ, அப்படித்தான் எப்போதும் ரிசர்விலேயே ஓடும் காரின் பம்ப்பும் ஆயுள் குறைந்து சாகும். கால் டேங்க் பெட்ரோலாவது எப்போதும் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

டர்போ என்ஜினில் இந்தப் பம்ப்புக்குச் சுமை இன்னும் அதிகம். டர்போ என்பது என்ஜின் வெளிவிடும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு காற்றாடி. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்று நெல் அறுவடை இயந்திரத்திலும் பெரிய டிராக்டரிலும் இருக்கிறது.

காற்று கூடுதலாகப் போனால் எரிபொருளும் கூடுதலாகப் போக வேண்டும். அதுமட்டுமல்ல. இன்ஜெக்டரின் ஒரு பக்கம் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கம் உள்ள காற்றுக்குழாயில் டர்போ 1 பார் அழுத்தத்தை ஏற்றினால், பெட்ரோல் பக்கமும் 4 பாராக உயர்ந்தால்தான் பழைய அளவு பீய்ச்சும். அதே மோட்டாரை வைத்துக்கொண்டு தண்ணீரை இன்னும் ஒரு மாடி உயரத்தில் உள்ள தொட்டிக்கு ஏற்றுவது போன்றது. பம்ப் அதிகக் கரண்ட் இழுக்கும். ஒயரில் குறை இருந்தால், சும்மா நிற்கும்போது தெரியாது. லாரியைத் தாண்ட மிதிக்கும் அந்த ஐந்து நொடியில்தான் தெரியும்.

காற்று நிறையப் போய், பெட்ரோல் குறைவாகப் போனால் என்ஜினுக்குள் சூடு எகிறும். நெடுநாள் அப்படி ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகும்.

“டைரக்ட் போட்டுத் தர்றேன்”

திரும்பவும் மெக்கானிக்கிடம் போனபோது கிடைத்த வைத்தியம் இது: “பம்ப்புக்கு சாவியிலருந்து டைரக்டா ஒரு ஒயர் போட்டுடலாம். பிரச்சனையே வராது.”

மகன் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் அதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“டைரக்டா? நம்ம ஸ்டார்ட்டரை டைரக்ட் பண்ணி என்ன ஆச்சு, மறந்துட்டியா? ஏன்டா, மோட்டாரை மாத்துனியே, ஒயரை மாத்துனியா?”

அவருக்கு இது பட்டறிவு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறிவருவது 1960-களின் பிற்பகுதியிலிருந்தே கவனிக்கப்பட்டுவரும் விஷயம். நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் அங்கிருந்து தண்ணீரை உறிஞ்சியதில், உப்பு உள்ளே வந்தது. இவர்களுடைய பழைய போர்வெல்லும் அப்படிக் கரித்துப்போனது. நிலத்தின் மேற்குக் கோடியில் புதிதாகப் போர் போட்டார்கள். ஆனால், மோட்டார் கொட்டகை பழைய இடத்திலேயே இருந்தது. நடுவில் 150 மீட்டர். பழைய 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிளையே ஒட்டுப் போட்டு நீட்டிவிட்டார்கள்.

5 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும்போது, அந்தக் கேபிளில் மட்டும் 25 வோல்ட் அளவுக்குக் காணாமல் போகும். சாயங்கால நேரத்தில் 370 வோல்ட்டுக்கு இறங்கும் மின்சாரம், மோட்டாரின் வாய்க்குப் போய்ச் சேரும்போது 345 ஆகிவிடும். குறை வோல்ட்டேஜில் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்தது. ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுந்தது. அது தொல்லை என்று யாரோ ரிலேயை ஒதுக்கி ‘டைரக்ட்’ கொடுத்தார்கள். ஒரே வருடத்தில் இரண்டு முறை காயில் கட்ட வேண்டியதாயிற்று. மூன்றாம் முறை, காயில் கட்டுபவர்தான் கேபிளைப் பற்றிக் கேட்டார். 4 சதுர மில்லிமீட்டர் கேபிளாக மாற்றி, ரிலேயைத் திரும்பப் பொருத்திய பிறகு அந்த மோட்டார் இன்றுவரை ஓடுகிறது.

“டைரக்டுன்னா காசும் டைரக்டா போகும்டா. வேற ஆளைப் பாரு” என்றார் அப்பா.

மீட்டர் சொன்ன கணக்கு

வடசென்னையில் அப்படி ஓர் ஆளைத் தேட அதிகம் அலைய வேண்டியதில்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்டாக மாறிய எண்ணூர் ஆலை, 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் எழுந்த என்ஃபீல்டு ஆலை, செம்பியத்தில் டிராக்டர் செய்யும் டாஃபே என்று இரும்போடும் என்ஜினோடும் வளர்ந்த பகுதி அது. ஆலைக்குள் கற்றதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொரு சந்திலும் இருப்பார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் முப்பது வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் பாய் அப்படி ஒருவர். கடல்காற்றில் பச்சை பூத்த ஒயர்களைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர்.

அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்தார். பின் இருக்கையைத் தூக்கி, பம்ப்பின் பிளக்கில் மீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்து, நீளமான ஒயர் போட்டு மீட்டரை முன்னால் கொண்டுவந்தார்.

“தம்பி, நிக்கிற வண்டியில பார்த்தா எல்லாம் சரியாத்தான் காட்டும். நீ ஓட்டு. அண்ணே, நீங்க மீட்டரைப் படிங்க.”

எழுபது வயது அப்பா மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு படித்தார். பேட்டரியில் 13.8 வோல்ட். என்ஜின் சும்மா ஓடும்போது பம்ப்பில் 11.6. காலியான சாலையில் மிதித்து, டர்போ சீறத் தொடங்கியதும் 10.6.

பேட்டரியிலிருந்து கிளம்பிய 13.8-ல் 3.2 வோல்ட் வழியிலேயே தொலைந்திருக்கிறது. இவ்வகைப் பம்ப் நேர்மின்சாரத்தில் ஓடுவது. வீட்டு மோட்டாரைப் போல அதிகக் கரண்ட் இழுத்து எரியாது, வேகம் குறையும். 13.5 வோல்ட்டுக்குப் பதிலாக 10.6 கொடுத்தால், அது தள்ளும் பெட்ரோல் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையலாம்.

தொலைந்தது எங்கே என்று பாய் தேடிய விதம் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியது. பம்ப் ஓடிக்கொண்டிருக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும், மறு முனையைப் பம்ப்பின் பிளஸ்ஸிலும் வைத்தார். ஒயரும் ஜாயின்ட்டும் நன்றாக இருந்தால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். முழுச் சுமையில் 1.9 காட்டியது. அதேபோல மைனஸ் பக்கம் பார்த்தார். 1.3.

பிளஸ் பக்கத்துக் கணக்கு இப்படி: கம்பெனி போட்டிருந்தது 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். முன்னாலிருந்து பின்னால் வரை சுமார் 5 மீட்டர். பழைய சின்னப் பம்ப்புக்கு அது போதும். 10 ஆம்பியர் இழுக்கும் புதுப் பம்ப்புக்கு அந்த ஒயரிலேயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் போய்விடும். மீதி, தேய்ந்த ஃபியூஸ் கிளிப்பிலும் கருத்த பிளக்கிலும் போனது. பெரிய பம்ப் போட்டபின் திணறல் கூடியதற்குக் காரணம் இதுதான். வாய்க்கால் குறுகலாக இருக்க, மடையை மட்டும் அகலமாக வெட்டியது போல.

மைனஸ் பக்கத்து 1.3 வோல்ட் ஒரே இடத்தில் இருந்தது. பின் இருக்கைக்கு அடியில், பாடியில் எர்த் ஒயரை முடுக்கிய போல்ட். 2023 வெள்ளத்தண்ணீர் அதன் அடியில் புகுந்து, துரு கட்டிவிட்டது. 10 ஆம்பியர் அந்தத் துருவைத் தாண்டும்போது 13 வாட் சூடு உண்டாகும். பக்கத்து பிளாஸ்டிக் கிளிப் இளகியிருந்தது.

ரிலே எதற்கு?

‘டைரக்ட்’ போட்டால் வோல்ட்டேஜ் வரும்; அதில் பொய் இல்லை. ஆனால் பாய் அதைத் தொட மறுத்தார். காரின் கம்ப்யூட்டர், என்ஜின் சுற்றும்போது மட்டுமே பம்ப்புக்கு மின்சாரம் விடும். விபத்தில் வண்டி கவிழ்ந்து என்ஜின் நின்றால், பம்ப்பையும் நிறுத்திவிடும். சாவியிலிருந்து நேராகக் கொடுத்தால், சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் ஓடும். உடைந்த குழாய் வழியே பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். சூடான டர்போ பக்கத்திலேயே இருக்கிறது. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

அவர் செய்தது இது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், வளைந்த பிளாஸ்டிக் உறைக்குள், கதவின் ஓரமாகப் பின்னால் வரை. அங்கே ஒரு ரிலே. அதன் 30 என்ற காலில் இந்த ஒயர், 87-லிருந்து பம்ப்புக்கு. கம்பெனியின் பழைய பம்ப் ஒயரை வெட்டி எறியவில்லை. அதை 86-ல் கொடுத்து, 85-ஐ எர்த் செய்தார். இப்போது பழைய ஒயர் பம்ப்பை ஓட்டுவதில்லை. ‘ஓடு’, ‘நில்’ என்று ரிலேக்கு உத்தரவு மட்டும் கொடுக்கிறது. கம்ப்யூட்டரின் காவல் அப்படியே இருக்கிறது. பம்ப்புக்கும் முழு வோல்ட்டேஜ் கிடைக்கிறது.

எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்டையும் துருவையும் பளபளவென்று தெரியும்வரை சுரண்டி, புதிய தெர்மினல் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். எந்த இடத்திலும் ஒயரை முறுக்கி டேப் சுற்றவில்லை. எல்லாம் கிரிம்ப் செய்த தெர்மினல்.

மறுபடி அப்பா மீட்டரோடு உட்கார்ந்தார். அதே சாலை, அதே மிதி. 13.3 வோல்ட்.

ஒயர், ரிலே, ஃபியூஸ், தெர்மினல் எல்லாம் சேர்த்துச் சாமான் செலவு ஆயிரம் ரூபாய்க்கும் கீழே. கழற்றிப் போட்டிருந்த பழைய பம்ப்பைச் சோதனை பெஞ்சில் வைத்துப் பார்த்தபோது, அது தன் அளவுக்குச் சரியாகவே தள்ளியது. அதை இப்போது சாக்கில் சுற்றி, உபரியாக வைத்திருக்கிறார்கள்.

டேங்கைத் திறப்பவர்கள் கவனத்துக்கு

பம்ப்பை மாற்றியே ஆக வேண்டும் என்றால், பெட்ரோலோடு விளையாட்டு வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் வேலை திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும். குழி உள்ள ஷெட்டில் கூடாது. முதலில் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, என்ஜின் தானே நிற்கும்வரை ஓட்டிக் குழாயின் அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகு பேட்டரி மைனஸைக் கழற்ற வேண்டும். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்க வேண்டும். பீடி, சால்டரிங், தீப்பொறி விடும் டிரில்லிங் எதுவும் அருகில் ஆகாது.

டேங்குக்குள் மூழ்கும் ஒயரும் குழாயும் அதற்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும். வீட்டு ஒயரின் உறை பெட்ரோலில் ஊறி விறைத்து வெடிக்கும்; இன்சுலேஷன் டேப்பின் பசை கரைந்து வடிகட்டியில் போய் அடைக்கும். சாதாரண ரப்பர் குழாயின் உட்புறம்தான் பெட்ரோலைத் தாங்கும். வெளிப்புறமும் நனைந்தால் உப்பி நெகிழும். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நம் கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும்தான் அந்த எத்தனால் என்பதில் மகிழ்ச்சியே. ஆனால், பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். டேங்கைத் திறக்கும்போதே மூடியின் ஓ-ரிங்கையும் உள்குழாயையும் மாற்றிவிடுவது நல்லது.

உங்கள் கொட்டகையில்

டிராக்டரில் ஒயர் எங்கே இருக்கிறது என்று கேட்ட காலம் போய்க்கொண்டிருக்கிறது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதி வந்துவிட்டது. மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசல் பாய்ச்சும் என்ஜின்கள் வயலுக்கு வருகின்றன. சேற்றிலும் மழையிலும் நிற்கும் வண்டியில் ஓர் எர்த் போல்ட் துருப்பிடிப்பது பெரிய அதிசயமில்லை. டிராக்டர் இழுவை குறைந்தால், பம்ப்பையும் இன்ஜெக்டரையும் கழற்றும் முன் எர்த் முனைகளைக் கழற்றிச் சுரண்டிப் பாருங்கள்.

நீர்மூழ்கி மோட்டார் வைத்திருப்பவர்கள் மூன்று அளவுகளைக் கேட்டு, கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். மோட்டார் ஓடும்போது ஸ்டார்ட்டரில் வோல்ட்டேஜ் எவ்வளவு. போர்வெல் தலையில் கேபிள் ஜாயின்ட்டில் எவ்வளவு. மூன்று பேஸிலும் ஆம்பியர் எவ்வளவு. மூன்று பேஸ் மின்சாரம் உயிரை வாங்கும். இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து மட்டுமே அளக்க வேண்டும். முதல் இரண்டு அளவுகளுக்கும் இடையில் 12 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேபிள் மெலிது, அல்லது ஜாயின்ட் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஆம்பியர், மோட்டார் தகட்டில் எழுதியிருப்பதைவிட அதிகமாக இருந்தால், அன்றே காரணத்தைத் தேடுங்கள்.

ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது என்றால், அது கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அது ஏதோ சொல்ல வருகிறது. அதன் வாயை அடைத்து ‘டைரக்ட்’ கொடுத்தால், அடுத்த சேதி காயில் கருகிய வாடையாகத்தான் வரும்.

ஆகவே, ‘வேறு கம்பெனி மோட்டார் வாங்கலாமா?’ என்ற கேள்விக்குப் பதில்: வாங்கலாம். அதற்கு முன் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். மோட்டாரின் வாயில் வோல்ட்டேஜ் குறைவாக இருந்தால், எந்தக் கம்பெனி மோட்டாரும் அங்கே மூன்று மாதம்தான் ஓடும்.